உங்கள் மீன் தொட்டியில் கண்ணாடிக் கூடுகள்! தெரியுமா?

புதிதாகச் செடி நட்ட மீன் தொட்டி. இரண்டாவது வாரம். மணல், இலை, கண்ணாடி எல்லாவற்றின் மேலும் பழுப்பாக ஒரு படலம். துடைத்தால் போகிறது, மறுபடி வந்து ஒட்டுகிறது. அந்தப் படலத்திலுள்ள ஒவ்வோர் உயிரும் தனக்கென ஒரு கண்ணாடிக் கூடு கட்டிக்கொண்டு வாழ்கிறது, தெரியுமா?

ஆமாம், கண்ணாடியேதான்! டயாட்டம் என்கிற இந்த நுண்பாசி, தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்து, டிபன் பாக்ஸும் மூடியும் போல இரண்டு ஓடு செய்து நடுவில் குடியிருக்கிறது. பூமியில் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்கள் தருவது! ஆல்ஃபிரட் நோபல் 1867இல் காப்புரிமை வாங்கிய டைனமைட்டில் நைட்ரோகிளிசரினை உறிஞ்சிப் பிடித்து வைத்ததும் இவற்றின் ஓடுகள் படிந்த மண்தான்! பழுப்புப் படலத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். செடிகள் வேர் பிடித்ததும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். மருந்து ஊற்றத் தேவையே இல்லை.

புதுத் தொட்டியில் பாசி என்பது வீட்டு மீன் தொட்டியின் வரலாற்றோடு பிறந்த சிக்கல் என்பது தெரியுமா? 1849இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், 12 காலன் கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் போட்டு, வாலிஸ்னேரியா செடி நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். செடி ஆக்சிஜன் தரும், மீன் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. ஆனால் பழைய இலைகள் அழுகி, தண்ணீர் கலங்கி, பச்சை வழவழப்பு படர்ந்தது! குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து விட்டார். அழுகலை அவை தின்றன, தண்ணீர் தெளிந்தது, நத்தை முட்டைகள் மீனுக்கு இரையாயின! 1850இல் இதை அறிவியல் இதழில் எழுதினார்.

அவருக்குத் தொல்லை தந்த அதே அழுகல்தான் இன்றும் நம் தொட்டியில் பாசிக்குத் தீனி. கடையில் பச்சைப்பசேலென்று வாங்கிவரும் செடிகளில் பல, தண்ணீருக்கு வெளியே காற்றில் வளர்க்கப்பட்டவை, தெரியுமா? தண்ணீருக்குள் போனதும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, அங்கே வாழத் தகுந்த புது இலைகளை விடுகின்றன. செடி செத்துவிட்டது என்று பலர் பிடுங்கி எறிவது எவ்வளவு பரிதாபம்! கரையும் இலைகளை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, குளோரின் நீக்கிய நீரால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஹைக்ரோஃபிலா போல வேகமாக வளரும் செடிகளை முதல் நாளே நெருக்கமாக நட்டுவிடுங்கள். அழுகலில் உண்டாகும் அம்மோனியாவைச் செடி உறிஞ்சினால் பாசிக்கு மிச்சம் குறையும்.

மீதி அம்மோனியாவை ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று அதை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நூறாண்டுக்கும் மேலாக அறிவியல் இப்படித்தான் நம்பியிருந்தது. 2015இல் இரண்டு வேலையையும் தனியாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகையைக் கண்டுபிடித்தார்கள். எங்கே தெரியுமா? கண்டுபிடித்த இடங்களில் ஒன்று, மீன் வளர்ப்புத் தொட்டிகளோடு இணைந்த ஒரு ஃபில்டர்! ஃபில்டரில் பாக்டீரியாக்கள் நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

வெளிச்சம்? தொடக்கத்தில் நாளுக்கு ஆறு மணி நேரமே போதும், டைமர் வைத்துவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று நடுராத்திரி வரை லைட் எரிந்தால், வேர் பிடிக்காத செடியை முந்திக்கொண்டு பாசி எழும்பிவிடும்.

இலை ஓரங்களில் கறுப்புத் தாடியாகத் தொங்குகிறதே, அது உண்மையில் செம்பாசி! சாராயத்தில் ஊறவைத்தால் சிவந்துவிடும். மண்டபம், ராமேசுவரம் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும், நோன்புக் காலத்தில் வீட்டில் காய்ச்சும் கடல்பாசி இனிப்பின் மூலப்பொருளும் இதே செம்பாசிக் கூட்டம்தான்! கரியமில வாயு ஏறி இறங்கும் தொட்டியில் இது சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். நீலப்பச்சையாகப் போர்வை விரித்து மண்வாடை வீசுவதோ பாசியே அல்ல, பாக்டீரியா. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜனை நிரப்பத் தொடங்கியவை இதன் முன்னோர்கள்!

பாசி தின்னும் இறாலுக்கு ஒரு சைக்கிள் பந்தய வீரரின் பெயர், தெரியுமா? ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ, பந்தயத்தை விட்டுப் புகைப்படத்துக்கும் நீர்த் தோட்டக்கலைக்கும் வந்தவர். 1980களில் ஒரு குட்டி இறால் பாசியை மேய்வதைக் கவனித்து, தன் தொட்டிகளில் கூட்டமாக விட்டார். இன்று உலகமே அதை அமானோ இறால் என்கிறது! அதன் குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் வேண்டும் என்பதால் நன்னீர்த் தொட்டியில் அது பெருகாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனையில் தெரிந்த பிறகே வாங்கி விடுங்கள். மீன் தீனியை அளவோடு போடுங்கள், தீனி மிஞ்சினால் இறால் பாசியைத் திரும்பிப் பார்க்காது.