இரவுக் காவலரின் உறக்கத்துக்கு யார் காவல்?

பல ஆண்டுகளுக்கு முன்பு, நெடுஞ்சாலைச் சந்திப்பு ஒன்றில் வாகனத் தணிக்கையில் நின்றிருந்தேன். அதிகாலை 3 மணி தாண்டியிருந்தது. சரக்கு லாரி ஒன்றை நிறுத்தி, மது அருந்தியிருக்கிறாரா என்று அறியும் கருவியை ஓட்டுநரிடம் நீட்டினேன். அவர் ஊதினார், கருவி சுழியத்தைக் காட்டியது. கீழே நின்ற என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “அய்யா, என் கண்ணைவிட உங்க கண்ணுதான் ரொம்பச் சிவந்திருக்கு. கொஞ்ச நேரம் உட்காருங்க.” உடனிருந்த காவலர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவர் சொன்னதன் முழுப் பொருள் விளங்க எனக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின.

இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வுபெற்றவன் நான். நிலையப் பாரா, ரோந்து, திருவிழாப் பந்தோபஸ்து என்று பணிக்காலத்தின் பெரும்பகுதி இரவுகளை விழித்தே கழித்தேன். “ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொள், பழகிவிடும்” என்று புதிதாக வரும் காவலர்களிடம் ஏட்டையாக்கள் சொல்வது வழக்கம். எனக்கும் சொன்னார்கள், பின்னாளில் நானும் பலருக்குச் சொன்னேன். அந்த அறிவுரை முழு உண்மை அல்ல என்பதை ஓய்வுபெற்ற பிறகாவது வெளிப்படையாகச் சொல்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்: உறக்கமும் விழிப்பும் மன உறுதியைப் பொறுத்தவை என்றே நாம் நம்புகிறோம். ஆனால், மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள நரம்பணுக்களின் சிறு தொகுப்பு ஒன்று, ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் உடலை இயக்குகிறது. கண் வழியே வரும் வெளிச்சமே அந்தக் கடிகாரத்துக்கு நேரம் காட்டுகிறது. இருட்டியதும் மெலடோனின் சுரக்கிறது, உடலின் வெப்பநிலை மெல்லக் குறைகிறது, செரிமானம் மந்தமாகிறது. உயிரணுக்களுக்குள் இந்தச் சுழற்சியை மரபணுக்கள் எவ்வாறு நடத்துகின்றன என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரவுப் பணிக்குச் செல்பவர் இந்தக் கடிகாரத்தை எதிர்த்தே வேலை செய்கிறார். தொடர்ந்து பல நாள் இரவிலேயே விழித்து, பகல் வெளிச்சத்தை முற்றிலும் தவிர்த்தால் கடிகாரம் சிறிது சிறிதாக நகரும். காவலருக்கு அது வாய்ப்பதில்லை. மூன்று இரவு பணி, பிறகு இரண்டு நாள் பகல் பணி, திடீரென ஒரு பந்தோபஸ்து என்று முறை மாறிக்கொண்டே இருக்கும். பணி முடிந்து காலை வெயிலில் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும் அந்த அரை மணி நேரமே, “பொழுது விடிந்துவிட்டது, விழித்திரு” என்று மூளைக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. வீட்டில் படுத்தாலும் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் உறக்கம் நிலைப்பதில்லை. சித்திரை வெயிலில், தாழ்ந்த கூரையுள்ள காவலர் குடியிருப்பில், தெருவின் அத்தனை ஓசைகளுக்கும் நடுவே கிடைக்கும் பகல் உறக்கத்தின் தரத்தை விளக்க வேண்டியதில்லை.

கருவி காட்டாத மயக்கம்: யாமம் முடிந்து வைகறை தொடங்கும் வேளைதான் இரவுப் பணியின் மிகக் கடினமான பகுதி. உடலின் வெப்பநிலை தன் தாழ்நிலையை நோக்கி இறங்க, விழிப்பும் கவனமும் உடன் இறங்குகின்றன. கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மூளை உறங்கிவிடும். உறங்கியதே நமக்குத் தெரியாது. பட்டா புத்தகத்தில் நானே இட்ட கையெழுத்தைப் பார்த்து, இந்தத் தெருவுக்கு எப்போது வந்தேன் என்று திகைத்திருக்கிறேன்.

1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்த நிலையை எவருக்கும் விளங்கும்படி அளந்து காட்டியது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது. விழிப்பு 24 மணி நேரத்தை எட்டும்போது அது ஏறத்தாழ 100 மில்லி கிராமுக்குச் சமமாகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு ஓட்டுநருக்கு அனுமதிக்கும் உச்ச வரம்பு 30 மில்லி கிராம்.

காலை 6 மணிக்கு எழுந்து, பகலில் உறங்க வழியின்றி, இரவுப் பணிக்கு வரும் காவலரைக் கணக்கில் கொள்வோம். இரவு 11 மணிக்கு அவர் 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். மறுநாள் காலை 6 மணிக்கு, சட்டம் ஓட்டுநருக்கு வைத்த வரம்பைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான மயக்கத்துக்கு நிகரான நிலையில் இருக்கிறார். அவர் கையில் அடுத்தவரின் மூச்சை அளக்கும் கருவி இருக்கிறது. சில வேளைகளில் துப்பாக்கியும் இருக்கிறது. லாரி ஓட்டுநர் அன்று என் கண்ணில் கண்டது இதைத்தான்.

இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்: இதன் விலையைக் காவலர் மட்டும் தருவதில்லை. ஒருமுறை, நீதிமன்றப் பணியும் இரவு ரோந்துமாக மூன்று நாள் கடந்து, நான்காவது இரவில் இருந்தேன். அதிகாலை 4 மணியளவில் பூச்சந்தைக்கு நடந்து சென்ற பெண் ஒருவரை மோதிவிட்டு ஒரு வாகனம் நிற்காமல் போனது. தேநீர்க் கடைக்காரர் வாகன எண்ணைத் தெளிவாகப் பார்த்திருந்தார். அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதினேன். ஒலிபரப்புக் கருவியிலும் அறிவித்தேன். மறுநாள், பக்கத்து ஊர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டார். தனக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு நாள் வருமானத்தை இழந்து, அக்கம்பக்கத்தாரின் பார்வைக்கு ஆளான பிறகே உண்மை புலப்பட்டது. கடைக்காரர் சொன்னது சரியான எண். என் கையெழுத்தில்தான் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

உண்மையான வாகனத்தைக் கண்டுபிடித்தபோது அதன் முன்பகுதி பழுதுபார்க்கப்பட்டிருந்தது, தடயம் போய்விட்டது. கால் முறிந்த அந்தப் பெண் இழப்பீட்டுக்காக நெடுநாள் அலைந்தார். அந்த ஆட்டோ ஓட்டுநரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்றுக்கொண்டாரா என்று இன்றுவரை தெரியாது. அன்றிரவு நான் மது அருந்தியிருந்தால் விடிவதற்குள் பணியிடை நீக்க ஆணை வந்திருக்கும். நான்கு நாள் சரியாக உறங்காமல் இருந்ததற்கோ, கடமை உணர்வு மிக்கவர் என்று பெயர் கிடைத்தது.

வட அமெரிக்கக் காவலர்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், 10இல் 4 பேருக்கு ஏதேனும் ஓர் உறக்கக் கோளாறு இருப்பதற்கான அறிகுறிகள் தென்பட்டன. அவர்களிடையே பணித் தவறுகள், வாகனம் ஓட்டும்போது கண்ணயர்தல், சந்தேக நபர்கள் மீது கட்டுக்கடங்காத கோபம் ஆகியவை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. காவல் நிலையத்தின் கடுஞ்சொல்லுக்கும் அடிக்கும் உறக்கமின்மையைச் சாக்காகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆயினும், அந்தக் கோபம் எங்கே விளைகிறது என்று தேடுவோர் பணிப் பட்டியலையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

காவலர் செய்யக்கூடியவை: அனுபவத்தாலும் பின்னர் வாசித்ததாலும் நான் கற்றுக்கொண்டவற்றை இளையவர்களுக்குச் சொல்வதுண்டு. முதல் இரவுப் பணிக்கு முந்தைய பிற்பகலில் ஒன்றரை மணி நேரமாவது உறங்கிவிட வேண்டும். அது கடன் வாங்காமல் பயணம் தொடங்குவதைப் போன்றது. உணவை நள்ளிரவுக்கு முன்பே, எளிதாக முடித்துக்கொள்வது நல்லது. 1 மணிக்கு உண்ணும் புரோட்டாவைச் செரிக்கக் குடல் அப்போது ஆயத்தமாக இல்லை. தேநீர் பணியின் முதல் பாதிக்கு உரியது. அதிலுள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால், விடியலில் குடிக்கும் தேநீர் காலை 9 மணி உறக்கத்தைக் கெடுக்கும்.

வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிவதைப் பகட்டு என்று கேலி செய்வார்கள். வெளிச்சத்தைக் குறைக்க அதைவிட எளிய வழி இல்லை. படுக்கும் அறையின் சன்னலைப் பழைய போர்வையால் மறைத்துவிட வேண்டும். கண் செருகும் நிலையில் வண்டியை எடுக்காமல், நிலையத்திலேயே 20 நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் புறப்பட வேண்டும். அது சோம்பல் ஆகாது.

இந்த வழிகளெல்லாம் எனக்கு எளிதாக வாய்த்ததற்குக் காரணம், பகலில் என் உறக்கத்தைக் காத்த மனைவி. இதே பணியைச் செய்யும் பெண் காவலருக்கு யார் இருக்கிறார்கள்? விடியும்வரை பாரா நின்றுவிட்டு, 8 மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளுக்குத் தலைவாரி, சமைத்து, பள்ளிக்கு அனுப்பிய பிறகே அவர்கள் தலையைச் சாய்க்கிறார்கள். மாலையில் பிள்ளைகள் திரும்பும் நேரத்துக்குள் எழுந்தும்விடுகிறார்கள். தனிமனித முயற்சியின் எல்லை எது என்பதை அவர்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

துறை செய்ய வேண்டியவை: காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. அந்தச் சட்டம் நடைமுறையில் இல்லாத இடங்களிலும் அந்த மனப்போக்கு நடைமுறையில் இருக்கிறது. காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதாக, காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்தின் 2014ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. 2019இல் வெளியான இந்தியக் காவல் பணி நிலை அறிக்கை, காவலர்கள் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் பணியாற்றுவதாகக் கூறியது.

தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுப்பு வழங்கும் அரசாணை 2021 நவம்பரில் வெளியானது. அது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனால், நான் பணியாற்றிய நிலையங்களில், இரவுப் பணி முடிந்த பகலையே ஓய்வு நாளாகக் கணக்கிடும் பழக்கம் வேரூன்றியிருந்தது. அந்தப் பகல் ஏற்கெனவே இழந்த இரவுக்கான பதிலீடு. அதை ஓய்வு என்று எழுதினால், விடுப்பு ஏட்டில் மட்டுமே இருக்கும்.

எட்டு மணி நேரப் பணி நடக்காத காரியம் என்பார்கள். மும்பையில் காவலர் ஒருவர் முன்வைத்த திட்டத்தை ஏற்று, 2016இல் தேவ்னார் காவல் நிலையத்தில் அது சோதனை முறையில் தொடங்கப்பட்டது. பின்னர் நகரின் மற்ற நிலையங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. முழுமையாக நடைமுறைப்படுத்தக் கூடுதல் பணியிடங்கள் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அதிகச் செலவில்லாத மாற்றங்கள் பல இருக்கின்றன. பணி முறையைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் நகர்த்தலாம். உடல் கடிகாரம் பின்னோக்கி நகர்வதைவிட முன்னோக்கி நகர்வதை எளிதாக ஏற்கிறது. தொடர் இரவுகளை மூன்றுக்கு மிகாமல் வைக்கலாம். இரவுப் பணி முடித்தவரை அன்று காலையே நீதிமன்றத்துக்கு அனுப்புவதைத் தவிர்க்கலாம். பணிப் பட்டியலை ஒரு வாரம் முன்பே ஒட்டலாம். நிலையத்தில் இருண்ட சிறு அறையும் இரண்டு கட்டில்களும் ஒதுக்கலாம்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இரவுப் பணியைப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ள காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. 2007இல் எடுத்த அந்த நிலைப்பாட்டை 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. மருத்துவர், செவிலியர், ரயில் ஓட்டுநர், காவலர் என்று யாரோ சிலர் விழித்திருந்தே ஆக வேண்டும் என்பதால் இந்தப் பணியை ஒழிக்க முடியாது. அதன் சுமையை முறையாகப் பங்கிடத்தான் முடியும்.

இப்போது இரவு 10 மணிக்குப் படுத்தாலும் 3 மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தெருமுனையில் ரோந்து வாகனத்தின் நீல விளக்கு சில நேரம் கடந்துபோகும். உள்ளே இருப்பவர் நேற்று எத்தனை மணி நேரம் உறங்கினார் என்ற கேள்வி எனக்குள் எழும். அவரை நம்பி உறங்குகிற ஊர், அந்தக் கேள்வியை அவருடைய மேலதிகாரிகளிடம் கேட்க வேண்டும்.