ஆராய்ச்சிக்குப் பொருள் தேடல்

மருத்துவப் பேராசிரியர் ஒருவர் புதிய மருந்தொன்றைக் கண்டார் என்று செய்தித்தாளில் படிக்கிறோம், வியக்கிறோம், பாராட்டுகிறோம். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அவருடைய ஊதியத்தைப் பல்கலைக் கழகம் தருகிறது. ஆனால், அந்த ஊதியம் அவர் பாடம் சொல்வதற்காகவும் நோயாளிகளைப் பார்ப்பதற்காகவுமே பெரும்பாலும் அளிக்கப்படுவது. சோதனை எலிகளுக்குத் தீனி வேண்டும். கண்ணாடிக் குடுவைகள் வேண்டும். உதவியாளருக்கு மாதந்தோறும் கூலி வேண்டும். இவற்றிற்கான பொருளைப் பேராசிரியரே வெளியில் சென்று தேடியாக வேண்டும். பெரும் புகழ் வாய்ந்த பல்கலைக் கழகங்களிலும் நிலைமை இதுதான்.

மாணவ நண்பர்களே, இது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பொதுப்படச் சொல்வதைவிட ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம். பெனிசிலின் என்னும் மருந்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1928-ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு பூஞ்சணத்தின் ஆற்றலைக் கண்ட கதை பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. ஆனால் பிளெமிங் கண்டது ஒரு சாற்றின் குணத்தையே. அதைத் தூய்மைப்படுத்தி நோயாளிக்குச் செலுத்தத்தக்க மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தினர். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹவர்டு பிளாரி. இன்று நாம் காணப் போவது அவர் எலியையும் பூஞ்சணத்தையும் தேடிய கதையன்று. பணத்தைத் தேடிய கதை.

பிளாரி 1935-இல் நோய்க்கூற்றியல் பேராசிரியராகப் பதவி ஏற்ற கட்டடம் மிக அழகானது. தென்னாப்பிரிக்க வாணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய சர் வில்லியம் டன் என்பவரின் அறப்பொருளிலிருந்து கிடைத்த ஒரு லட்சம் பவுனைக் கொண்டு எழுப்பப்பட்டு, 1927-இல் திறக்கப்பட்டது. கட்டடம் இருந்தது, அதனுள்ளே வேலை நடத்தத் தேவையான பணம் இல்லை. நன்கொடையாளர்களின் மனப்பாங்கே இதற்குக் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. கல்லில் பெயர் பொறிக்கலாம். எலித் தீனியில் பெயர் பொறிக்க முடியாதல்லவா?

பிளாரியுடன் பணிபுரிந்தவர் எர்ன்ஸ்ட் செயின் என்னும் இரசாயன அறிஞர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் ஆண்டில் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பிளெமிங்கின் கட்டுரை அவர் கண்ணில் பட்டது. இருவரும் அப்பொருளை ஆராய முடிவு செய்தார்கள். பணத்துக்கு என்ன செய்வது?

முதலில் அவர்கள் நாடியது அரசாங்கத்தின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவை. இக்குழு தோன்றிய வரலாறு சுவையானது. 1911-இல் பிரிட்டனில் நிறைவேறிய தேசிய இன்ஷூரன்ஸ் சட்டம், இன்ஷூரன்ஸ் பெற்ற ஒவ்வொருவர் பேரிலும் ஆண்டுக்கு ஒரு பென்னி ஆராய்ச்சிக்கென ஒதுக்க வழி செய்தது. அந்தச் சில்லறைக் காசுகள் சேர்ந்த நிதியைப் பங்கிடுவதற்காக 1913-இல் குழு அமைந்தது. தொழிலாளியின் காசு ஆராய்ச்சியாளரின் கைக்கு வரும் ஒரு வாய்க்கால் அது. அதே 1911-இல் நம் நாட்டிலும் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் தொடங்கப்பெற்றது. 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் மாறிய அச்சங்கம் இன்றும் நம் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு மானியம் வழங்கி வருகிறது.

1939 செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் அறிவித்தது. மூன்று நாட்களுக்குப் பிறகு, 6-ஆம் நாள், பிளாரி அக்குழுவுக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு உடனடியாகக் கிடைத்த தொகை 25 பவுன்! பின்னர் வேண்டுமானால் மேலும் சிறிது பார்க்கலாம் என்பது போன்ற விடைதான் வந்தது. இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் குழுவினரின் நிலையிலிருந்தும் நாம் நோக்க வேண்டும். போர் மூண்டுவிட்டது, கருவூலம் ஆயிரம் தேவைகளுக்குக் கைநீட்டும் காலம், பத்தாண்டுகளாக யாராலும் தூய்மைப்படுத்த இயலாத ஒரு சாற்றை நம்பி எவ்வளவு கொடுப்பது? பொதுப் பணத்தைக் காப்பவன் அஞ்சித்தான் கொடுப்பான். அவ்வச்சம் குற்றமன்று. ஆயினும், அதனால் நல்ல வேலைகள் சில பட்டினியால் மடிவதும் உண்டு.

அடுத்து அவர்கள் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையத்தை நாடினார்கள். எண்ணெய்த் தொழிலில் கோடீஸ்வரரான ராக்பெல்லர் 1913-இல் நிறுவிய அறநிலையம் அது. இங்கேதான் பொருள் தேடும் கலையின் நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு நிதி நிலையத்துக்கும் தனக்கென ஒரு நோக்கம் உண்டு. அந்நாளில் ராக்பெல்லர் நிலையத்தின் இயற்கை விஞ்ஞானப் பிரிவுக்குத் தலைவராயிருந்தவர் வாரன் வீவர். இரசாயனத்தையும் பௌதிகத்தையும் கொண்டு உயிர்ப் பொருள்களின் இயல்பை ஆராய்வோருக்கு உதவ வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனை உணர்ந்தே ஆக்ஸ்போர்டு விண்ணப்பம் தயாராயிற்று. ‘நோய் தீர்க்கும் மருந்து செய்யப் போகிறோம்’ என்பதை அவர்கள் முன்னே நிறுத்தவில்லை. நுண்ணுயிர்கள் தம்முள் ஒன்றையொன்று அழிக்கச் சுரக்கும் பொருள்களின் இரசாயன இயல்பை ஆராயப் போவதாகவே எழுதினார்கள். அவை மருத்துவத்துக்கும் பயன்படக் கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

இது சூழ்ச்சியா என்று உங்களில் சிலர் வினவலாம். அன்று. ஒரே வேலைக்குப் பல முகங்கள் உண்டு. கேட்பவன் எந்த முகத்தைக் காண விரும்புகிறானோ அம்முகத்தை உண்மை வழுவாமல் காட்டுவது முறையே. இல்லாத முகத்தை வரைந்து காட்டுவதுதான் பொய். செயினுக்கு அப்பொருளின் இரசாயனத்திலேயே உண்மையான வேட்கை இருந்தது.

விண்ணப்பம் என்பது வெறும் யாசகக் கடிதமன்று. எந்த வினாவுக்கு விடை காணப் போகிறோம், எம்முறையால் காணப் போகிறோம், முன்னர் என்ன செய்திருக்கிறோம், ஒவ்வொரு செலவும் எதற்கு என்பவற்றைத் தெளிவாகக் கூற வேண்டும். அதை அத்துறையை அறிந்த பிறர் படித்துக் கருத்துச் சொல்வார்கள். ராக்பெல்லர் நிலையம் தன் அலுவலர் ஒருவரை ஆக்ஸ்போர்டுக்கே அனுப்பி நேரில் பார்த்தது. முடிவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு மானியம் கிடைத்தது. தொகையைவிட ஐந்தாண்டு என்னும் காலமே பெரிய வரம் என்பேன். அடுத்த மாதம் உதவியாளருக்கு என்ன கொடுப்பது என்ற கவலையுடன் இருப்பவனுக்கு நீண்ட சோதனையைத் தொடங்கும் துணிவு எப்படி வரும்?

பணம் வந்தபின்னும் அது தாராளமாக இல்லை. அக்குறையை நிரப்பியவர் நார்மன் ஹீட்லி. கோபன்ஹேகனுக்குச் செல்லவிருந்த அவரைப் போர் ஆக்ஸ்போர்டிலேயே நிறுத்திவிட்டது. மருத்துவ உலகின் நற்பேறு அது. பூஞ்சணம் வளர்க்க ஆழமில்லாத அகன்ற பாத்திரங்கள் தேவை. எழுந்து நடமாட இயலாத நோயாளிகளுக்கு மருத்துவமனையில் வைக்கும் கழிகலமே இதற்குப் பொருத்தமாயிருப்பதை அவர் கண்டார்; பின்னர் அவ்வடிவத்தை ஒட்டிப் பீங்கான் பாத்திரங்களைச் செய்வித்தார். பால் கொணரும் பெரிய பாத்திரங்கள், குளியல் தொட்டி, நூலகத்தில் கழித்துவிட்ட புத்தக அலமாரி ஆகியவற்றைக் கொண்டே வடித்தெடுக்கும் எந்திரத்தை அமைத்தார்.

1940 மே 25-ஆம் நாள் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமி ஏற்றப்பட்டது. நான்கிற்கு மட்டும் பெனிசிலின் தரப்பட்டது. ஹீட்லி இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தார். பொழுது விடியுமுன் மருந்து பெறாத நான்கும் இறந்தன. மற்ற நான்கும் உயிரோடிருந்தன.

ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. மனிதனுக்கு எலியைவிடப் பல்லாயிரம் மடங்கு மருந்து தேவை. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு மருத்துவமனையில் சீழ்நோயால் ஒரு கண்ணை இழந்து வாடிய 43 வயதுக் காவலர் ஒருவருக்கு மருந்து செலுத்தப்பட்டது. அவர் வியக்கத்தக்கவாறு தேறினார். ஐந்து நாட்களில் மருந்து தீர்ந்துவிட்டது! அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினை மீட்டு மீண்டும் செலுத்திப் பார்த்தார்கள். போதவில்லை. மார்ச் மாதம் அவர் இறந்தார். மருந்து பயன் தரும் என்பதில் ஐயமில்லை. அதைப் போதிய அளவு செய்வதற்குத்தான் வசதியில்லை.

பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் போர் வேலையில் மூழ்கியிருந்தன. எனவே, 1941 கோடையில் பிளாரியும் ஹீட்லியும் ராக்பெல்லர் நிலையத்தின் பொருளுதவியோடு அமெரிக்கா சென்றார்கள். இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் இருந்த அரசாங்க விவசாய ஆராய்ச்சிச் சாலையில், மக்காச்சோளம் ஊறிய கழிவுநீரில் பூஞ்சணம் பன்மடங்கு மருந்து சுரப்பது தெரிய வந்தது. அரசாங்கமும் மருந்துக் கம்பெனிகளும் முன்வந்தன. 1945-இல் பிளெமிங், பிளாரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெனிசிலினுக்குக் காப்புரிமை பெறலாம் என்று செயின் தொடக்கத்திலேயே வற்புறுத்தினார். மருத்துவர் அவ்வாறு செய்வது அறமன்று என்று பிரிட்டனின் விஞ்ஞானத் தலைவர்கள் தடுத்துவிட்டார்கள். ஆகவே, உலகமெங்கும் விற்ற அம்மருந்தினால் ஆக்ஸ்போர்டுக்கு ஒரு காசும் சேரவில்லை. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனக்குச் செயின் பக்கமே மனம் சாய்கிறது. அக்குழுவில் பணிபுரிந்த எட்வர்டு ஆபிரகாம், கை நியூட்டன் என்பவருடன் சேர்ந்து, பின்னர் அதே ஆராய்ச்சிச் சாலையில் செபலோஸ்போரின் என்னும் வேறொரு மருந்தை ஆராய்ந்தார். இம்முறை காப்புரிமை பெறப்பட்டது. தமக்குச் சேர்ந்த பெரும் பணத்தைக் கொண்டு ஆபிரகாம் 1970-இல் ஆராய்ச்சி நிதியொன்றை ஏற்படுத்தினார். 25 பவுனுக்காகக் கடிதம் எழுதப்பட்ட அதே இடத்திலிருந்து இளம் ஆராய்ச்சியாளர்கள் இப்போது அந்நிதிக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள்.