கதவோரம் ஓர் ஆள் வேண்டும்

கடலோர ஊரான வேம்பாரில் ரயில் நிலையம் கிடையாது, கார்டைக் காட்டித் திறக்கும் மெட்ரோக் கதவும் கிடையாது. ஆனால் அட்டை கேட்கும் அரசை இந்தக் கடற்கரை நன்றாக அறியும். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றிக் கடல்வழியே வந்தார்கள். அடுத்த ஆண்டே, கைரேகை பதிந்த அடையாள அட்டையைக் கடல் மீனவர்களுக்கு வழங்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. நடுக்கடலில் நிறுத்திய படகில் இருப்பவர் யாரென்று தெரிய வேண்டும் என்பது நியாயமே. ஆனால் கயிறு இழுத்தும் வலை வாங்கியும் உப்புநீரில் ஊறியும் காய்த்துப்போன விரலில் ரேகை தெளிவாக இருப்பதில்லை. ரேஷன் கடைகளில் ‘ரேகை விழலை’ என்று திரும்ப வந்த முதியவர்களும் உழைப்பாளிகளும் எத்தனையோ பேர். ரேகை விழாவிட்டாலும் வேறு வழியில் சரிபார்த்துப் பொருள் கொடுங்கள் என்று அரசே பிறகு சொல்ல வேண்டியிருந்தது. ரயில் நிலையமோ அலுவலகமோ, எந்தத் தானியங்கிக் கதவுக்கும் இந்த ஏற்பாடு கட்டாயம் என்பதே என் வாதம்.

கதவு எதைப் பார்க்கிறது என்று யோசித்தால் காரணம் விளங்கும். கார்டுக்குள் பேட்டரி இல்லை. சில சென்டிமீட்டர் தூரத்தில் நீட்டியதும், படிக்கும் கருவி பரப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சிப் மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. எண் பட்டியலில் இருந்தால் கதவு விலகும். நீட்டிய கை யாருடையது என்பது அதற்குத் தெரியாது. 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகெங்கும் புழங்கிய ‘மைஃபேர் கிளாசிக்’ கார்டின் பூட்டை உடைத்துக் காட்டினார்கள். லண்டன் போக்குவரத்தின் ஆய்ஸ்டர் கார்டும் அப்போது அதே சிப்பைத்தான் நம்பியிருந்தது. ஆக, கள்ளக் கார்டு உள்ளே போகலாம். சிப் பழுதான நல்ல கார்டோடு வந்த தொழிலாளி வெளியே நிற்கலாம். அந்தக் கதவின் பதிவே வருகைப்பதிவாகவும் இருந்துவிட்டால், அவர் அன்றைய கூலியையும் இழப்பார்.

அப்படியானால் கதவே வேண்டாமா? கதவே இல்லாவிட்டால் டிக்கெட் எடுக்காமல் ஏறுவார்களே என்பார்கள். சென்னைப் புறநகர் ரயில் கதவில்லாமல், பரிசோதகரையும் அபராதத்தையும் நம்பித்தான் ஓடுகிறது. பெர்லின் சுரங்க ரயிலும் அப்படியே. 2015 ஜூன் 29இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோ கதவோடு வந்தது. தூரத்துக்கேற்பக் கட்டணம் கழிக்க அது வசதிதான். அதனால் கதவை எடுத்துவிடச் சொல்லவில்லை, அதன் அருகே ஓர் ஆளையும் நிறுத்தச் சொல்கிறேன்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஆளை நிறுத்தினால் சிபாரிசும் கையூட்டும் வரும், இயந்திரமோ முகம் பார்க்காது. உண்மை. வெள்ளைச் சட்டைக்கு வழிவிட்டு லுங்கியை நிறுத்தும் காவலாளிகளை நாம் அறிவோம். ஆனால் மனிதர் கையிலும் நேர்மைக்கு வழிசெய்ய முடியும் என்பதற்கு இந்தக் கரையின் பழைய முத்துக்குளிப்பே சாட்சி. வேம்பார் பரதவரின் ஏழு கடல்துறைகளில் ஒன்று. அரசு நடத்திய முத்துக்குளிப்பில், எடுத்து வந்த சிப்பியைக் குளிப்பவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள், அரசுத் தரப்பு இரண்டைத் தேர்ந்தெடுக்கும், மிஞ்சியது அவர்களுக்கு. எது மிஞ்சும் என்று தெரியாதபோது எந்தக் குவியலையும் குறைத்துப் பிரிக்க முடியாது. கதவிலும் அப்படியொரு முறை சாத்தியம். கார்டு மறுக்கப்பட்டவரை வேறு சான்று பார்த்து உள்ளே விடும் அதிகாரம் பணியாளருக்கு இருக்கட்டும். பெயர், நேரம், காரணம் மூன்றையும் அவர் எழுதிக் கையெழுத்திடட்டும். அதன் நகல் உள்ளே போனவர் கையிலும் இருக்கட்டும். அந்தச் சீட்டைக் காட்டினால் கூலி பிடிக்கக் கூடாது என்பதை ஒப்பந்ததாரரின் நிபந்தனைகளிலேயே எழுதிவிட வேண்டும்.