தோட்டத்திற்கென ஒரு நிரல்

ஆளெண்ணுதல் இலங்கை மலையகத்துத் தெமோதரைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புதிதன்று. பெரட்டு எனும் விடியற்பொழுது ஆளழைப்பில் கணக்கப்பிள்ளை நாள்தோறும் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டை எழுதினார். வேலைக்கு வந்த கைகள் அதில் ஏறின. நோயுற்ற உடல் விடுபட்ட பெயராகவே தெரிந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டமொன்று தொழிலாளர் மருத்துவத்தைத் தோட்டத்தின் கடமையாக்கியது உண்மை. ஆயினும் வீடுவீடாகச் சென்று நலம் அளக்கும் வழக்கம் வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1975இல் உலகக் கருவள அளவீட்டின் ஓர் அங்கமாக இலங்கையில் அவ்வழக்கம் தொடங்கியது. பின்னர் 1987, 1993, 2000, 2006-07, 2016 ஆகிய ஆண்டுகளில் குடித்தொகை, சுகாதார அளவீடுகள் நடந்தன. போரினால் முதல் மூன்றும் வடக்கையும் கிழக்கையும் முழுமையாக எட்டவில்லை. 25 மாவட்டங்களும் ஒருங்கே அளக்கப்பட்டது 2016இல்தான்.

2012 கணக்கெடுப்பின்படி தோட்டத்துறையில் வாழ்வோர் நாட்டு மக்களில் ஏறத்தாழ 4.4 விழுக்காட்டினர். நாட்டுச் சராசரியில் இவ்வளவு சிறிய பங்கு கரைந்துபோகும். ஆகவே நகரம், கிராமம், தோட்டம் என மூன்று அடுக்குகள் வகுத்து, ஒவ்வொன்றிலும் தனியே மாதிரி எடுப்பர். ஓரடுக்கில் அதன் பங்குக்கு மிகுதியாக வீடுகள் தேர்ந்தால், கூட்டும்போது அவ்வீடுகளுக்கு நிறை குறைத்து ஈடுசெய்வர். இம்முறையின் பயனை 2016 காட்டியது: ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17 விழுக்காடு, தோட்டத்தில் 32.

இவ்வெண்ணின் உயிர் பிறந்த நாளில் இருக்கிறது. உயரத்தைச் சரியாக அளந்தும் வயதில் மூன்று மாதம் பிழைத்தால் குழந்தை வேறு வகைக்குள் விழக்கூடும். தாய் நினைவிலிருந்து சொல்வதைவிடக் குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் உள்ள நாள் நம்பத்தக்கது. தோட்டத்துத் தமிழ்த் தாயிடம் கேட்பவர் தமிழறிந்தவராயிருத்தலும் அளவுகோலைப் போலவே ஒரு கருவி என்பேன்.

சேர்த்த தரவைக் காப்பது வேறு கலை. வினாநிரல், குறியீட்டு ஏடு, நிறைப்பட்டியல் ஆகியவை இல்லாத தரவுக்கோப்பு வெறும் இலக்கக் குவியல். பெயரை நீக்கினாலும் சிறு தோட்டத்தில் ஒரு வீட்டை அயலார் எளிதில் கண்டுகொள்வர். அதனால் பல நாடுகளின் அளவீடுகளில் ஊர்ப்புற இருப்பிடப் புள்ளிகளை பெரும்பாலும் ஐந்து கிலோமீற்றர் வரை வேண்டுமென்றே நகர்த்தி வெளியிடுகின்றனர். அவ்வளவீடுகளைத் தாங்கிய அமெரிக்க நிதி 2025இல் நின்றது. தரவைத் தன்னாட்டிலேயே பேணும் கடமை இதனால் மேலும் கூடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இருபது ஏக்கருக்குக் குறையாத நிலமும் பத்துக்குக் குறையாத வதியும் தொழிலாளரும் இருந்தாலே அது கணக்கில் தோட்டம். நிலம் அவ்வளவுக்குக் கீழே துண்டாடப்பட்டால் அதே லயன் வரிசைக் குடியிருப்பு கிராமத்தின் நிரலுக்கு மாறும். குழந்தை ஓரங்குலம் வளராமலே விழுக்காடு மாறிவிடும். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் இனி எந்த வரையறையை மாற்றினாலும், பழைய வரையறைப்படி வரும் எண்ணையும் அருகிலேயே அச்சிட வேண்டும்.