பக்கிங்காம் கால்வாயும் அதன் முகத்துவாரங்களும்

சென்னையினின்று கடற்கரைச் சாலை வழியே மரக்காணம் செல்வோர் இடப்புறத்தே கடலையும், வலப்புறத்தே நீண்டு கிடக்கும் ஒரு நீர்ப்பரப்பையும் மாறி மாறிக் காண்பர். கடலைப் பாராதார் இலர். மற்றதைப் பார்ப்பார் சிலரே. பார்ப்பவருள்ளும் பலர் அதனை ஒரு பெரிய சாக்கடை என எண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வர். நகரத்தினுள்ளே அது அப்பெயருக்கு உரியதாகவே ஆகிவிட்டது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும், பக்கிங்காம் கால்வாய் என்னும் இந்நீர்வழியின் இரு கரைகளிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழவும் மீன்பிடிப்பும் போக்குவரவும் ஒன்றையொன்று பற்றி நின்றன. அவை மூன்றையும் பிணைத்த கயிறு யாது என்பதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் கடற்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. அலை ஓயாது புரண்டு மோதும் நேர்கரை இது. பண்டு மரக்கலங்கள் தொலைவிலேயே நங்கூரமிட, மசூலாப் படகுகளே ஆளையும் பொருளையும் கரை சேர்த்தன. ஆணி அறையாமல் கயிற்றால் தைத்த பலகைகளாகையால், அப்படகுகள் அலை மோதும்போது உடையாது வளைந்து கொடுத்தன. ஐப்பசி கார்த்திகையில் அவற்றுக்கும் இடமில்லை. ஆனால் கரையின் மணல்மேட்டிற்குப் பின்னே, கடலுக்கு இணையாக ஒரு தாழ்நிலம் ஓடுகின்றது. அதிலே பழவேற்காட்டு ஏரி, எண்ணூர்க் கழி, கோவளக் கழி, மரக்காணத்துக் கழுவேலி என நீர்நிலைகள் வரிசையாய்க் கிடக்கின்றன. இவற்றை வெட்டி இணைத்துவிட்டால், கடலின் சீற்றம் படாத ஒரு கடல்வழி கிடைக்குமன்றோ?

அவ்வெண்ணத்தின்படி 1806-ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்பார் சென்னையினின்று எண்ணூர் வரை 11 மைல் தூரம் வெட்டுவித்தார். பின்னர் அது பழவேற்காட்டை எட்டியது. 1837-இல் அரசாங்கம் அதனை ஏற்று, வடக்கும் தெற்கும் மேலும் நீட்டியது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பெரும் பஞ்சத்தின்போது, கூலிக்கு வழியற்ற மக்களைக் கொண்டு கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடைப்பட்ட 5 மைல் தோண்டப்பட்டது. அப்போது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. தோண்டினவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆந்திர நாட்டுப் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை இதன் நீளம் ஏறத்தாழ 260 மைல்.

இது பாசனக் கால்வாய் அன்று என்பதை வாசகர் முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டும். அணைக்கட்டினின்று நீர் இதற்கு வருவதில்லை. கடலே இதற்கு ஊற்று. கொசத்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு முதலிய ஆறுகளின் முகத்துவாரங்கள் வழியே கடலின் ஏற்றம் உள்ளே வரும். வற்றம் வெளியே இழுக்கும். இக்கரையில் ஏற்றவற்றத்தின் உயரம் 3 அல்லது 4 அடிக்கு மேற்படாது. அச்சிறு மூச்சினாலேயே கால்வாய் உயிர் வாழ்கின்றது.

முகத்துவாரமோ எந்நாளும் திறந்திருப்பதன்று. கரையோரமாக அலைகள் மணலை இடைவிடாது நகர்த்துகின்றன. ஆண்டின் பெரும்பகுதி அது வடக்கு நோக்கியே செல்லும். சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தபின், அவற்றின் தென்புறத்தே தடையுண்டு குவிந்த மணலே இன்று நாம் மாலையில் உலாவும் அகன்ற மெரினாக் கரை. நமக்கு இன்பம் தரும் அம்மணலே கூவத்தின் வாயையும் அடைக்கின்றது. கோடையில் ஆற்றுநீர் குன்றியதும் மணல்திட்டு வளர்ந்து வாயை மூடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வந்து அதனை உடைக்கும். மழை பொய்த்த ஆண்டில் ஊரார் மண்வெட்டியுடன் கூடி, தாமே வெட்டி விடுவதும் உண்டு.

வாய் திறந்திருந்தால் படகு ஓடும். காற்று வாய்த்தபோது பாய் விரித்தும், வாயாதபோது கோல் ஊன்றியும், கரையிலே ஆட்கள் வடம்பிடித்து இழுத்தும் தட்டையடிப் படகுகளை நடத்தினர். உப்பும் நெல்லும் விறகும் கருவாடும் சுண்ணாம்பு சுடுவதற்குரிய கிளிஞ்சலும் இவ்வாறே சென்னை வந்து சேர்ந்தன. நகரத்து அடுப்பு எரிந்ததில் இக்கால்வாய்க்குப் பெரும்பங்கு உண்டு.

அவ்விறகைப் பற்றிச் சிறிது நின்று பேசவேண்டும். பனையும் முள்ளும் அன்றி வேறொன்றும் பெரிதும் விளையாத மணற்காட்டில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சவுக்கு பரவியது. அதன் வேரிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருதலின், வெறும் மணலிலும் அது தழைக்கும். ஆனால் இளங்கன்றுக்குக் கோடையிற் குடத்தால் நீர் ஊற்றியாகவேண்டும். கடலுக்கு இத்துணை அருகில் நன்னீர் எங்ஙனம் கிடைத்தது? மழைநீர் மணலில் இறங்கி, கீழுள்ள கனத்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்குமேல் 1 அடி நன்னீர் நின்றால், அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நன்னீரே நிற்கும். குடத்தால் மொண்டவரை இக்கணக்குக் குலையவில்லை. எந்திரத்தால் இறைத்து மேல்மட்டத்தில் 1 அடியைக் குறைத்தால், நாளடைவில் உப்பு கீழிருந்து 40 அடி ஏறிவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் நேர்ந்தது இத்தகையதே.

கால்வாய்க்கு மேற்கே ஏரிப்பாசன நெல்வயல்கள். ஏரிகளின் மிகைநீர் கால்வாயில் விழுந்து முகத்துவாரம் வழியே கடல் சேர வேண்டும். வாய் அடைபட்ட ஆண்டில் பெருமழை பெய்தால் சம்பாப்பயிர் நீரில் நின்று அழுகும். படகுக்காரர் கவலையும் உழவர் கவலையும் இங்கே ஒன்றாகின்றன.

மீனவர்க்கோ இது வயிற்றுப் பிரச்சினை. இறால் கடலிலே முட்டையிடும்; அதன் குஞ்சுகள் ஏற்றத்தோடு கழியினுள் புகுந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். மடவையும் பால்மீனும் இளமையிற் கழியை நாடுவனவே. வாய் மூடினால் குஞ்சு வாராது. நீர் வெயிலில் வற்றி உவர் மிகும். பழவேற்காட்டில் நல்ல இறால் ஓடும் இடங்களைப் ‘பாடு’ என்பர். சீட்டுப் போட்டு இன்ன நாளில் இன்னார் வலையிடுவதென முறை வகுத்துக்கொள்வது அங்கே நெடுநாளைய வழக்கம். உள்ளதைப் பகிர்ந்துண்ண அவர்கள் கண்ட முறை இது. எனினும் வாய் அடைபட்ட கழியில் எம்முறைதான் இறாலைத் தோற்றுவிக்கும்?

படகுகள் மறைந்ததற்குக் காரணம் லாரி மட்டும் அன்று. 1965, 1966-ஆம் ஆண்டுகளிலும் 1976-இலும் வீசிய புயல்கள் கால்வாயைத் தூர்த்தன; தூர் வாருவதற்கு ஏற்ற வருவாயும் அப்போது இல்லை. நகரத்தினுள்ளே பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயிலேயே நிறுத்தப்பட்டன. அதன் முதற்பகுதி 1995-இல் ஓடத் தொடங்கியது. எண்ணூரிலோ அனல்மின் நிலையச் சாம்பல் கழியிற் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2008-இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தது, உப்புப்படகு திரும்பி வரவில்லை.

இடையே, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, மணல்மேட்டைத் தாண்டிய நீரின் ஒரு பகுதியைக் கால்வாய் வாங்கிக்கொண்டு, கழிகளின் வழியே மீளக் கடலுக்குச் செலுத்தியதாக ஆராய்ந்தோர் எழுதினர். எவரும் அதற்கென்று அதனை வெட்டவில்லை. 2015-இன் பெருமழையில் பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியே இதிலேதான் விழுந்தது. கோவளத்து முகத்துவாரமே அதற்குப் போக்கிடம். அன்று அவ்வாயின் அகலம் எத்துணை என்பது மீனவரது வினாவாக மட்டும் நிற்காமல், தென்சென்னையிலே வீடு கட்டியவர் வினாவும் ஆயிற்று.

தெற்கே மரக்காணத்தில் உவர்நீரை இன்றும் பாத்திகளில் தேக்குகின்றனர். முதல் மழை விழும்வரை வெயிலில் உப்பு விளையும்; அவ்வுப்பு இப்போது சாலை வழியே செல்கின்றது. கழியின் ஆழமில்லா இடங்களில் இருளர் மக்கள், ஆடவரும் பெண்டிரும், வலையின்றிக் கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பர். பனையோலைப் பறியைப் பல்லாற் கவ்வி, பிடித்ததை அதிலிட்டுக்கொண்டே நகர்வர். மணல்திட்டு உடைந்து கடல்நீர் உள்ளே வந்ததா என்பதை எந்த அலுவலகத்திலும் வினவாமல், பறியின் கனத்தைக் கொண்டே அவர்கள் அறிவர்.