ஆல்கஹால் தந்த ரப்பர்

மிதிவண்டி முதல் வானூர்தி வரை எல்லாம் ரப்பர்ச் சக்கரங்களை நம்பியே உருளுகின்றன. ரப்பர் மரமோ வெப்பமும் மழையும் மிகுந்த நிலங்களில் மட்டுமே செழிக்கும். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வளரும் அம்மரம், கடுங்குளிர் நிலவும் ரஷ்யாவில் வளராது. ஆகவே, சோவியத் ஒன்றியம் தனக்கு வேண்டிய ரப்பருக்கு அயல்நாடுகளையே சார்ந்திருந்தது. அவ்வரவு நின்றால் வண்டிகளும் நின்றுவிடும். எனவே, 1926 ஆம் ஆண்டில் அந்நாடு செயற்கை ரப்பர் செய்யும் முறைக்கான போட்டி ஒன்றை அறிவித்தது.

செர்கேய் லெபெதேவ் என்னும் வேதியியல் அறிஞர் தம் குழுவினருடன் அம்முயற்சியில் இறங்கினார். அவர் தேர்ந்தெடுத்த மூலப்பொருள் எத்தில் ஆல்கஹால். உருளைக்கிழங்கையும் தானியங்களையும் நொதிக்கச் செய்து அதனைப் பெறலாம்.

அவரது முறை இரண்டு படிகளை உடையது. முதற்படியில், சூடான ஆல்கஹால் ஆவி, ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், உலோக ஆக்சைடுகளால் ஆன வினையூக்கியின்மேல் செலுத்தப்படும். அப்போது இரண்டு ஆல்கஹால் மூலக்கூறுகளிலிருந்து ஒரு பியூட்டாடையீன் மூலக்கூறு உருவாகிறது; இரண்டு நீர் மூலக்கூறுகளும் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும் வெளியேறுகின்றன. வினையூக்கி வினையை விரைவுபடுத்துமேயன்றித் தான் செலவாகிவிடாது. இரண்டாம் படியில், சோடியம் உலோகம் பியூட்டாடையீன் மூலக்கூறுகளின் இணைப்பைத் தொடங்கி வைக்கிறது. சங்கிலியின் கண்ணிகளைப் போல அவை ஒன்றன்பின் ஒன்றாக இணைகின்றன. இவ்வாறு சிறு மூலக்கூறுகள் பல சேர்ந்து அமையும் நெடுஞ்சங்கிலியே பலபடி எனப்படும்.

1932 இல் யாரொஸ்லாவ்ல் நகரில் இம்முறையிலான ஆலை இயங்கத் தொடங்கியது. ஆயினும், மக்கள் உண்ணும் கிழங்கையும் தானியத்தையும் ஆலைக்கு அனுப்புவது தகுமா என்னும் கேள்வி எழுவது இயல்பே.

அதற்கு ஒரு விடை இந்தியாவில் உண்டு. கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் எஞ்சுவது கழிவுப்பாகு. அதனை நொதிக்கச் செய்தாலும் ஆல்கஹால் கிடைக்கும். 1960களில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே தொடங்கப்பட்ட ஆலை, ஆல்கஹாலைக் கொண்டே செயற்கை ரப்பர் செய்தது. பெட்ரோலியத்திலிருந்து பியூட்டாடையீன் மலிவாகக் கிடைத்ததும் ஆல்கஹால் வழி உலகெங்கும் பின்தங்கியது. எனினும், பெட்ரோலியம் ஒருநாள் தீரும். கரும்போ ஆண்டுதோறும் விளையும். ஆகவே அறிஞர் பார்வை அவ்வழியின்மேல் மீண்டும் திரும்பியுள்ளது.

சிந்தித்து எழுதுக:
1. வினையூக்கியின் பணி யாது?
2. கிழங்கைவிடக் கழிவுப்பாகு ஏற்ற மூலப்பொருள் ஆவது ஏன்?