மூக்கில் ஓரெழுத்து மாறினால்

நிவித்திகல பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களில், உருட்டி நசுக்கிய கொழுந்து செம்பு நிறமாகிக் கிடக்கும்போது ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள். பச்சை வாடை போய், பழமும் பூவும் கலந்த மணம் எழும்பினால் அதை உலர்த்த அனுப்பலாம். பிந்தினால் மணம் இறங்கிவிடும்.

அந்த மணத்தில் பங்குள்ள பொருள்களில் ஒன்று பீட்டா-அயனோன். இலையிலுள்ள பீட்டா-கரோட்டின் சிதையும்போது பிறப்பது. வயலட் பூவின் வாசத்திலும் இதற்குப் பங்குண்டு. ஆனால் எல்லா மூக்குக்கும் இது எட்டுவதில்லை.

மூக்கின் மேற்கூரையிலுள்ள நரம்புச் செல்களின் மேற்பரப்பில் வாசனை ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றன. செல்லின் சவ்வை ஏழு தடவை ஊடுருவிக் கிடக்கும் புரதங்கள் அவை. இவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரில் வேலை செய்பவை ஏறத்தாழ 400. பீட்டா-அயனோனைப் பிடிப்பது 11ஆம் குரோமோசோமிலுள்ள ஓஆர்5ஏ1 மரபணு தரும் ஏற்பி.

இந்த மரபணுவில் ஓரெழுத்து மாறினால், புரதத்தின் 183ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் ஆஸ்பரஜின் வந்து உட்காரும். தாய்வழி, தகப்பன்வழி இரண்டு பிரதியிலும் அப்படியானால் மூக்கு அந்த மணத்துக்கு மந்தமாகிவிடும். ஒன்று நன்றாக இருந்தாலே போதும், மணம் பிடிபடும். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு இது. பீட்டா-அயனோனை நுகரும் திறனில் ஆளுக்காள் காணும் வேறுபாட்டில் 96 வீதத்துக்கும் மேல் இந்த ஒரு மாற்றத்தாலேயே விளங்கிவிடுகிறது. ஒரு வாசனைக்கு இவ்வளவு தெளிவான காரணம் கிடைப்பது மிக அபூர்வம். நன்றாக உணர்பவர்கள் இதைப் பூமணம் என்றார்கள். உணராதவர்களுக்கு, செறிவு கூடும்போது, புளிப்பாகவும் காரமாகவும் பட்டது.

லினலூல், ஜெரானியோல் போன்றவையும் தேயிலையில் இருப்பதால் மந்தமான மூக்குக்காரருக்கும் தேத்தண்ணி மணக்கும். அந்தப் பூமணம் மட்டும் குறையும். ஆகவே ஸ்டோரில் ஒருவர் "மணம் வந்துட்டுது" என்று சொல்லி, பக்கத்தில் நிற்பவர் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றால், அவரை அனுபவம் போதாதவர் என்று ஒதுக்குவது அநியாயம். பயிற்சியால் மூக்குக் கூர்மையாகும், உண்மைதான். இந்த ஏற்பியின் குறையை அது முழுதாக ஈடுசெய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. நிவித்திகல பக்கத்துத் தாழ்நிலத் தேயிலைக்கு நிறமும் கடுப்பும்தான் பேர் என்றாலும், மணம் பார்க்கும் வேலையை ஒரே மூக்கிடம் விடாமல் இரண்டு மூன்று பேரிடம் கொடுப்பதே சரி.